நாலு பேர் சபையும் ஒரு சேவலும்

தங்கபாயைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் முதலில் அவள் வளர்த்த சேவலைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல செங்கல் நிறம். கொண்டை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். முற்றத்தில் அது நடக்கிற நடையைப் பார்த்துத்தான் அதற்குத் துரை என்று பேர் வைத்தாள். துரை தகரக்கூரையில் ஏறி நின்று கூவினால் ராஜபாளையத்தில் அந்தத் தெரு மட்டுமல்ல, அடுத்த தெருவிலும் பாலில் தண்ணீர் கலக்கிறவர்கள் திடுக்கிட்டு நிமிர்வார்கள்.

தங்கபாய் பிறந்தது மம்சாபுரம். ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டது சோலைராஜுக்கு. சோலைராஜின் அப்பாவும் தங்கபாயின் அம்மாவும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள், அண்ணன் தங்கச்சி முறை. ஆகவே இவன் அவளுக்கு முறைமாப்பிள்ளைதான். வெளியிலிருந்து வந்தவன் இல்லை. அவனுக்கு நூல் மில்லில் வேலை. இவள் பேண்டேஜ் துணி மடிக்கிற இடத்துக்குப் போய்வந்தாள். ஒரே மகனைத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் துரையும்தான்.

எதிர்வீட்டில் சோலைராஜின் கூடப்பிறந்த அக்கா அன்னபாக்கியம். புருஷன் காலமாகிவிட்டார். மகளை ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒண்டிக்கட்டை. தங்கபாய்க்கு மதினி முறை. எதிரும் புதிருமான வீடு என்பதால் ஒருத்தி வீட்டில் கடுகு வெடித்தால் இன்னொருத்தி வீட்டில் தும்மல் வரும். அப்படி இருந்தவர்கள் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள் என்றால் அதற்கு அந்தத் துரைதான் காரணம்.

வேதக்கோயிலில் வருஷாவருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்ந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து ஏலம். இதில் சபைக்குள் ஒரு மரியாதை உண்டு. ஆசையாக வளர்த்த உயிரை ஒருத்தர் படைத்தால், ஏலத்தில் அவரே கேட்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவார். மற்றவர்கள் மேலே கேட்க மாட்டார்கள். ஆண்டவருக்கும் கொடுத்த மாதிரி, கோழியும் வீட்டுக்கு வந்த மாதிரி.

அந்த நம்பிக்கையில்தான் தங்கபாய் துரையைக் காலைக் கட்டிக் கொண்டுபோனாள். ஏலத்தில் முதல் ஆளாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, துரையைத் தூக்கக் குனிந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு குரல் மேலே கேட்டது. திரும்பிப் பார்த்தால் அன்னபாக்கியம்! விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து இவள் ஏற்றினாள். அவளும் ஏற்றினாள். இவள் முந்தானையில் முடிந்து வந்தது தீர்ந்துபோயிற்று. துரை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு தூக்குச்சட்டி வந்தது. தங்கபாய் மூடியைத் திறந்தாள். குழம்பு. அதில் தொடைக்கறி.

தங்கபாய் அந்தத் தூக்குச்சட்டியை அப்படியே கொண்டுபோய் எதிர்வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தவள்தான். பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஈஸ்டர் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுப்பதற்கு முன்னால் ஐயர் கேட்பார். ஐயர் என்றால் கோயிலுக்குக் குருவானவர் ஞானாபரணம் ஐயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ராஜபாளையத்துக் கோயிலையும் பார்த்துக்கொண்டவர். "மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானமாகிவிட்டு வாருங்கள்" என்பார். அப்போது தங்கபாய் பெண்கள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியைப் பார்த்து, உதட்டைத் திறக்காமல் "ஸ்தோத்திரம்" என்பாள். அங்கிருந்தும் அதேமாதிரி ஒரு "ஸ்தோத்திரம்" வரும். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டால் பேசியதாகத்தானே கணக்கு! இவள் வலதுபக்கமாகப் போய் முழங்கால்படியிடுவாள், அவள் இடதுபக்கமாக. கூட்டத்தில் யார் பார்க்கிறார்கள்? இப்படியே மூன்று ஈஸ்டரை ஓட்டியாயிற்று.

நாலாவது வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களின் கடைசியில் வந்தது நூற்று நாற்பத்து நாலு தடையுத்தரவு.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்து ஊர்களில் கலவரம் என்றால் எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லப் புகுந்தால் இது வேறு கதையாகிவிடும். மில் பஸ் நின்றது. மேற்கே மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு ஆள் போகவில்லை. தெரு முக்கில் போலீஸ் வந்து உட்கார்ந்தது. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று மைக் கட்டிய ஜீப் சொல்லிக்கொண்டே போயிற்று. கோயிலைப் பூட்டச் சொன்னார்கள். மணியடித்தால் கூட்டம் கூடும் என்று மணியும் வேண்டாம் என்றார்கள். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பவனி கிடையாது. அவரவர் வீட்டு நிலையில் ஓலைச் சிலுவையைச் செருகிவைத்துக்கொண்டு வாசலில் நின்று ஓசன்னா பாடினார்கள். தெரு முழுக்கப் பாட்டு, ஆனால் தெருவில் ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கு ஐயர் ஸ்கூட்டரில் வந்தார். எப்படியோ பேசிச் செய்து அனுமதிச்சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வீடு வீடாக நின்று சொன்னார்.

"ரெண்டு மூணு பேரு என் பேரால கூடினா நான் நடுவுல இருப்பேன்னு ஆண்டவர் சொல்லிருக்காரு. கலெக்டர் நாலு பேரு வரைக்கும் விடுதாரு. ஆண்டவர் கேட்டதுக்கு மேல ஒண்ணு கூடத்தான் குடுத்திருக்காரு. அதனால மூணு மூணு பேராச் சேர்ந்து தினம் சாயங்காலம் ஜெபம் பண்ணுங்க. ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் நான் ஒவ்வொரு வீடா திருவிருந்து கொண்டுவாரேன். நீங்க மூணு, நான் ஒண்ணு. நாலு."

தங்கபாய் வீட்டு வாசலுக்கு வந்தபோது விரலை மடக்கினார். "சோலைராஜ், தங்கபாய், அன்னபாக்கியம். மூணு."

"நாங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு போதுமே ஐயா. ஆண்டவரு ரெண்டுன்னும் சொல்லிருக்காருல்லா?"

"எதுத்த வீட்டம்மா தனியாவா ஜெபம் பண்ணுவாக?"

"அவியளுக்குக் குரல் நல்லாருக்கும். தனியாவே கேக்கும்."

ஐயர் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார். அப்படிப் போட்டார் என்றால் நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"அம்மா, நான் மூணு வருஷமா பீடத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தர் வலப்பக்கம், ஒருத்தர் எடப்பக்கம். இந்த வருஷம் வலப்பக்கமும் இல்ல, எடப்பக்கமும் இல்ல, ஒரே வீடு. நான் உள்ள வந்ததும் ரெண்டு பேரும் கையப் பிடிச்சு மன்னிச்சேன்னு சொல்லணும். ஸ்தோத்திரம் கணக்குல வராது. சொல்லலன்னா திருவிருந்துப் பாத்திரத்தத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவேன்."

திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து தங்கபாய் ஈஸ்டர் திருவிருந்தை விட்டதில்லை. மகன் பிறந்த வருஷம் பச்சை உடம்போடு வண்டியில் போய் இறங்கினாள். மற்ற நாட்களில் அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. அந்த ஒரு துண்டு அப்பம் நாக்கில் கரைகிற நேரம் மட்டும் அவளுக்குப் பேசத் தோன்றாது. அந்த நிசப்தம்தான் அவளுக்கு வருஷப்பிறப்பு. அது இல்லாமல் ஒரு வருஷம் எப்படித் தொடங்கும்? போதாக்குறைக்கு, பாத்திரம் தன் வாசலைத் தாண்டிப் போவதைத் தெருவே கதவிடுக்கில் நின்று பார்க்குமே!

ஆனால் தொடைக்கறியும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

யோசித்து ஒரு வேலை செய்தாள். கோயிலுக்கு மணியடிக்கிற வேதமாணிக்கம், சோலைராஜுக்குப் பெரியப்பா முறை, மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தார். காலமெல்லாம் மணிக்கடியில் நின்றதில் காது மந்தம். அவரைப் போய்க் கையோடு கூட்டிவந்து பாயில் நடுவே உட்காரவைத்தாள். இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் மதினி, நடுவில் சுவர் மாதிரிப் பெரியப்பா. மூன்று பேர் நாலாகிவிட்டது. சட்டத்துக்குள்தானே இருக்கிறது, என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்தாள். ஈஸ்டர் அன்றைக்கு ஐயரும் வருவார் என்பது அப்போது அவள் கணக்கில் இல்லை.

சாயங்கால ஜெபம் என்றால் அவர்களுக்குச் சங்கிலி ஜெபம். ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் பிடிக்கவேண்டும். முதல் நாள் அன்னபாக்கியம் கண்ணை மூடினாள்.

"அன்பின் ஆண்டவரே, வளத்த கோழிக்காகக் கூடப்பிறந்த மாதிரி இருந்தவியள ஒதுக்கிவைக்கிற மக்களுக்கு நல்ல மனசத் தாரும் சாமி."

தங்கபாய் மூடிய கண்ணுக்குள்ளேயே முறைத்தாள். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. இப்போதும் அவள் மதினியிடம் பேசவில்லை, ஆண்டவரிடம்தான் பேசினாள்.

"சர்வவல்லவரே, அடுத்தவ மடியில வச்சு வளத்த உயிர ஏலத்துல பறிச்சு, அடுப்புல ஏத்தி, அதுல தொடைக்கறியா பாத்து எடுத்து அனுப்புற கல்லு நெஞ்ச நீரே உடைச்சுப்போடும் தகப்பனே."

"ஆமென்!" என்றார் வேதமாணிக்கம், கோயிலுக்கே கேட்கிற மாதிரி. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. குரல் நின்றால் ஆமென் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கடைசி ஆள் சோலைராஜ். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம், ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

மறுநாள் ஜெபம் இன்னும் நீண்டது. "தொடைக்கறிய மதிச்சுக் குடுத்தா மரியாதைன்னு தெரியாத பேதைமைய மன்னியும்" என்று அந்தப் பக்கம். "பிச்சை போட்டது மாதிரித் தூக்குச்சட்டியில வார மரியாதை எங்களுக்கு வேண்டாம், நீரே அறிவீர்" என்று இந்தப் பக்கம். இருவரும் ஆண்டவரை நடுவில் வைத்து அடித்துக்கொண்டார்கள். நடுவே வேதமாணிக்கம் இரண்டு கட்சிக்கும் பாரபட்சமில்லாமல் ஆமென் போட்டார்.

தெரு முக்கில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் மாரிசாமிக்குப் பொழுது போகவில்லை. சாயங்காலமானால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கபாய் வீட்டுச் சன்னல் பக்கமாக ரோந்து வர ஆரம்பித்தார். முக்குக் கடைக்காரர் நைனா முகமது பாதிக் கதவைத் திறந்துவைத்து உப்பும் பருப்பும் விற்பார். அவர் மாரிசாமியைக் கேட்பார்:

"இன்னைக்கு யாரு பக்கம் சார் தீர்ப்பு?"

"வாய்தா போட்டிருக்கு பாய். நாளைக்குத் தொடரும் போல."

"எங்க நோன்பு நல்லபடியா போன மாசமே முடிஞ்சுது. இவுக ஒரு கோழிக்கு இம்புட்டு நாள் ஓதுதாகளே!"

பெரிய வியாழன் வந்தது. அன்றைக்கு வேதம் வாசிக்கிற முறை சோலைராஜுக்கு. ஆண்டவரைப் பிடித்துக் கொண்டுபோன ராத்திரி. பேதுரு நெருப்பண்டை குளிர்காய்கிறார். அந்த ஆளோடு நீயும் இருந்தாயே என்று வேலைக்காரி கேட்க, அவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று பேதுரு சாதிக்கிறார். சோலைராஜ் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தான். பேதுரு மூன்றாவது தடவையும் மறுதலித்தார். அடுத்த வரியில் வந்து நின்றான். கனைத்தான்.

"என்னலே நிறுத்திட்ட?" என்றார் வேதமாணிக்கம். "வாசி. எனக்குக் கேக்கல."

"சேவல் கூவிச்சு பெரியப்பா."

"எது கூவிச்சு?"

"சேவல்!"

"எதுலே?"

"சேவல்! சேவல்!" என்று சோலைராஜ் கத்தியது தெருக்கோடி வரைக்கும் போயிற்று. சன்னலுக்கு வெளியே மாரிசாமி லத்தியைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்.

தங்கபாய் சிரிக்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பங்குனி வெக்கைதான், ஆனால் அந்த வெக்கைக்கு அவ்வளவு வேர்வை வராது. வேதப்புத்தகத்தை மூடிவிட்டுச் சங்கிலி ஜெபத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அன்னபாக்கியம் நீட்டவில்லை.

"ஆண்டவரே, மறுதலிச்ச பேதுருவ நீர் திரும்பிப் பாத்தீரே. இந்த வீட்டுப் பேதுருவையும் ஒருதரம் திரும்பிப் பாரும்."

அடுத்தது தங்கபாய் பிடிக்கவேண்டும். இந்த வீட்டில் யார் பேதுரு? அவள் யோசித்த இடைவெளியில் சோலைராஜ் பிடித்துக்கொண்டான். வழக்கமான ஒற்றை மூச்சு ஸ்தோத்திரமாக இல்லை.

"ஆண்டவரே, எனக்கு மூணாம் ஷிப்ட்டு. காலைல வந்து கண்ண மூடுனா அது தகரத்துல ஏறி நின்னு கூவும். பத்து மணிக்குக் கூவும். மத்தியானம் கூவும். அதுக்கு விடியக்காலம் எதுன்னே தெரியாது சாமி. மிஷினு ஓடுற மில்லுல தூங்கிருவேன், அது இருக்க வீட்ல தூங்க முடியல. நான்தான் அக்காகிட்ட ஏலத்துல எடுக்கச் சொன்னேன். பணமும் நான்தான் குடுத்தேன். குழம்பும் நான்தான் ரெண்டுவாட்டி வாங்கிக் குடிச்சேன். அக்கா பேர்ல பழி வந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். மன்னியும்."

"ஆமென்!" என்றார் வேதமாணிக்கம்.

தங்கபாய் கண்ணைத் திறந்து பார்த்தாள். புருஷன் இன்னும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். திறந்தால் எதிரே தங்கபாய் இருப்பாள் என்று தெரிந்த கண். அவள் அன்றைக்கு ஜெபம் செய்யவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வரைக்கும் உபவாசம். முடிந்ததும் தங்கபாய் கஞ்சியை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி, துவையலை மேலே வைத்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் படியில் ஏறினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படி.

"மதினி."

"உள்ள வா."

"ஏன் மதினி சொல்லல?"

"சொன்னா அவன நீ உசுரோட விடுவியாட்டி? சின்னப் பிள்ளையில இருந்து அவன் எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. முதல்முதலா ஒரு சேவலக் கேட்டான்."

"தொடைக்கறி ஏன் அனுப்புனீய?"

"கோயில் ஏலத்துல எடுத்தத ஒண்டியாத் திங்கலாமா? நாலு பேருக்குக் குடுக்கணும்லா. நல்ல துண்டா உனக்குன்னு எடுத்து வச்சேன். அது தப்பாப் போச்சு."

தங்கபாய்க்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள். "இந்த வாரம் பூரா எம்புட்டு ஏசிட்டேன்!"

"என்னயவா ஏசுன? ஆண்டவர்கிட்டதான சொன்ன. அவரு பொறுத்துக்கிடுவாரு."

ஆக அந்தச் சண்டை தீர்ந்தது. ஆனால் கோபம் என்பது குடியிருந்த வீட்டைக் காலி செய்தால் இன்னொரு வீடு பார்க்காமல் இருக்குமா? தங்கபாய் புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை முழுவதும் சோற்றுத் தட்டைச் சத்தம் கேட்கிற மாதிரி வைத்தாள். அவ்வளவுதான் பேச்சு. சோலைராஜ் எதற்கும் வாயைத் திறக்காமல், கேட்காத விறகை எல்லாம் உடைத்துப் போட்டான்.

அன்னபாக்கியம் கேட்டாள்: "அப்ப நாளைக்குத் திருவிருந்து?"

"அதுக்கென்ன? ஐயர் நம்ம ரெண்டு பேரத்தான சொன்னாரு. நாம கையப் பிடிச்சிக்கிடுவோம்."

"ஐயரு நம்மளச் சொன்னாரு. ஆண்டவரு எல்லாரையும்லாட்டி சொன்னாரு."

பழைய ஸ்தோத்திரக் கணக்கு மாதிரி இதிலும் ஒரு சந்து கிடைக்குமா என்று படுத்த பிறகும் தங்கபாய் தேடினாள். கிடைக்கவில்லை. மூன்று வருஷமாகத் தான் போய் முழங்கால்படியிட்டதெல்லாம் என்ன கணக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு தூக்கமும் வரவில்லை.

ஈஸ்டர் விடியக்காலை. மற்ற வருஷம் என்றால் இந்நேரம் வேதமாணிக்கம் மணிக்கயிற்றில் தொங்குவார். பவனி பாட்டோடு தெருவைச் சுற்றும். இந்த வருஷம் தெரு செத்தமாதிரிக் கிடந்தது. தங்கபாய் அப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

"கொக்கரக்கோ!"

துள்ளி எழுந்தாள். துரை! தகரக்கூரைப் பக்கமிருந்து அதே இழுப்பு, கடைசியில் அதே கரகரப்பு. உயிர்த்தெழுதலுக்கு அது நாள்தான் என்றாலும் சேவலுக்கும் சேர்த்தா? முற்றத்துக்கு ஓடினாள். மதில்மேல், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு நின்றான் சோலைராஜ்.

"கொக்கரக்கோ!"

தெருவில் படபடவென்று கதவுகள் திறந்தன. லத்தியோடு மாரிசாமி ஓடிவந்து டார்ச்சை அடித்தார். "யாருய்யா அது?"

"சேவல் சார்."

"வேட்டி கட்டின சேவலா? எறங்குய்யா கீழ!"

"மணி அடிக்கக்கூடாதுன்னுட்டீங்க. தெருவ எழுப்பணும்லா சார். சேவல் கூவக்கூடாதுன்னு ஜீப்புல சொல்லலியே."

மாரிசாமி டார்ச்சை அணைத்தார். அந்த இருட்டில் அவர் சிரித்தது தெரியாமல் போகட்டும் என்று. தங்கபாய் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். எதிர்வாசலில் அன்னபாக்கியம் படியில் உட்கார்ந்தே விட்டாள், சிரிப்பு தாங்காமல். அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒருத்தர் "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்!" என்று குரல் கொடுத்தார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று தெரு பூராவும் நின்ற இடத்திலிருந்தே பதில் போயிற்று. வேதமாணிக்கம் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ஐயரின் ஸ்கூட்டர் வந்தது. வெள்ளை அங்கியை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். முன்னால் ஒரு பையில் பாத்திரம். இன்னொரு பையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. லெந்து முழுவதும் தங்கபாய் இனிப்பைத் தொடுவதில்லை என்று ஐயருக்குத் தெரியும். அவளுக்குப் பால்கோவா என்றால் உயிர் என்பதும் தெரியும்.

உள்ளே வந்து அங்கியை இறக்கிவிட்டார். சன்னலில் மாரிசாமி தலை தெரிந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. நீங்களும் சேர்ந்தா அஞ்சு."

ஐயர் எண்ணினார். அஞ்சுதான். "நான் மூணு பேருன்னுதானே சொன்னேன். பெரியவர் எப்படி இங்க?"

எல்லோரும் தங்கபாயைப் பார்த்தார்கள். சுவருக்கென்று கூட்டிவந்த ஆள். இப்போது அவரை வெளியே போ என்றால், அவர் காது கேளாமல் ஆமென் சொல்லிவிட்டு அங்கேயே இருப்பார். அன்னபாக்கியம் எழுந்திருக்கப் போனாள். "எனக்கு எதுத்த வீடுதான ஐயா..."

தங்கபாய் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இருங்க மதினி. மூணு வருஷம் வெளிய நின்னது போதாதா?" பிடித்த கையை விடாமல் ஐயரைப் பார்த்தாள். "நீங்க கேட்டது இதுதான ஐயா? மன்னிச்சாச்சு. மன்னிப்பு நான் கேக்கணும். அவிய ஒண்ணும் செய்யல."

அதற்குள் சோலைராஜ் சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றிருந்தான். "நீங்க நடத்துங்க ஐயா. நான் இங்க நிக்கேன்."

இப்போது நாலு பேர். மாரிசாமி தலையை ஆட்டினார். ஐயர் வெள்ளைத் துணியை விரித்தார். அப்பத்தை எடுத்து வைத்தார். தங்கபாய் முழங்கால்படியிட்டாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பாத்திரம் வாசலைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் நிலைக்கு அந்தப் பக்கம் புருஷனின் நிழல் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி, எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். விடியுமுன் கத்திய கத்தலில் தொண்டை கட்டிச் சின்னதாக இருமிக்கொண்டான்.

"ஐயா, செத்த நேரம்" என்று எழுந்தாள். வாசலுக்குப் போனாள்.

"உள்ள போங்க."

"பேசுறியா?"

"அப்படிக் கூவுன சேவலுக்குப் பொறவு எங்க வாய மூட? போங்க. நான் இங்க நிக்கேன்."

"நீ நின்னா எப்படிட்டி? உனக்காகத்தான் இம்புட்டும்..."

"உங்க பெரியப்பாவக் கூட்டிட்டு வந்தது யாரு? நான்தான? அப்ப நான்தான் நிக்கணும். போங்கன்னா போங்க."

சோலைராஜ் உள்ளே போனான். தங்கபாய் தெருவில் சன்னலடியில், வாசல் தெளித்த ஈரத்திலேயே முழங்கால்படியிட்டாள். ஐயர் ஜெபத்தை முடித்து அப்பத்தைச் சன்னல் கம்பி வழியாக அவள் உள்ளங்கையில் வைத்தார். பாத்திரம்தான் கம்பிக்குள் நுழையவில்லை. இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து, நிலைக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று குனிந்தார். அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா, கூட்டம் நாலா ஐந்தா என்று சட்டம் தெரிந்தவர்கள்தான் சொல்லவேண்டும். சட்டம் தெரிந்த மாரிசாமி, மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அங்கே அப்படி என்ன தெரிந்ததோ, ஐயர் உள்ளே போகிறவரைக்கும் திரும்பவில்லை.

தங்கபாய் வழக்கம்போல அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை. தெருக் கதவுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பேசவில்லை.

"ஆமென்!" என்று உள்ளேயிருந்து வேதமாணிக்கத்தின் குரல் வந்தது. அந்த வாரத்தில் அவர் சரியான நேரத்தில் சொன்ன ஆமென் அது ஒன்றுதான்.

பால்கோவாவில் மாரிசாமிக்கும் நைனா முகமதுவுக்கும் பங்கு போயிற்று. ஊர் அடங்கியது. கோயில் திறந்தது. அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தங்கபாய் இன்னொரு சேவலைக் கொண்டுபோனாள், இது கறுப்பு. ஏலத்தில் முதல் குரல் அன்னபாக்கியத்தினுடையது. சபை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு தங்கபாயைப் பார்த்தது. அவள் மேலே கேட்கவில்லை. அன்னபாக்கியம் சேவலைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் மடியிலேயே போட்டாள்.

கறுப்பனும் நேரம் காலம் தெரியாமல்தான் கூவியது. மூன்றாம் ஷிப்ட் முடிந்து வருகிற சோலைராஜ் நேராக எதிர்வீட்டுக்குப் போய், மில் பஞ்சைக் காதில் திருகிக்கொண்டு அக்கா வீட்டுப் பாயில் படுத்துக்கொள்வான். தங்கபாய்தான் மத்தியானம் தெருவைக் கடந்துபோய்ச் சாப்பிட எழுப்புவாள்; படியில் கால் வைக்காத நாளே கிடையாது.

இன்றைக்கும் அந்தக் கோயிலில் பெரிய வியாழன் அன்று பேதுருவின் பாடம் வாசிக்கும்போது, சேவல் கூவுகிற இடம் வந்ததும் சபை மொத்தமும் வேதப்புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து ஆண்கள் வரிசையில் ஓர் இடத்தைத் திரும்பிப் பார்க்கும். அங்கே ஓர் ஆள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். கோயிலுக்குள் யாரும் செருப்புப் போட்டு வருவதில்லை.